கையெழுத்துப் போடாத வேன் அக்கா

பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்கும் அவரை அந்தத் தெருவில் எல்லோரும் 'வேன் அக்கா' என்றே கூப்பிடுவார்கள். எதிரே லாரி வந்தாலும் அசராமல் வேனை ஓட்டுகிறவர், நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் வெலவெலத்துப் போவார். அவரைப் போய் மருத்துவக் கல்லூரியின் விலங்குச் சோதனைக் குழுவில் போட்டிருந்தார்கள். விஞ்ஞானத்துக்குச் சம்பந்தமில்லாத வெளி ஆள் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்பது விதி. வேனில் வரும் பிள்ளை ஒன்றின் அப்பா கல்லூரி அலுவலகத்தில் இருந்தார். அவர் கொடுத்த பெயர்தான்.

எந்த விலங்கை, எத்தனை, எப்படிப் பயன்படுத்தப் போகிறோம் என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். குழு படித்துப் பார்த்து அனுமதி தரும். ஆறு கூட்டங்களில் அக்கா தேநீர் குடித்தார், கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான். அவருடைய தம்பி அதே கல்லூரியில் தற்காலிகத் துப்புரவு வேலையில் இருந்தான். "நீ பாட்டுக்கு ஏதாவது கேட்டு என் பொழப்புல மண்ணப் போட்டுடாதே அக்கா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் அனுப்புவான்.

ஏழாவது கூட்டத்துக்கு எலும்புப் பிரிவுப் பேராசிரியரின் விண்ணப்பம் வந்தது. அறுபது முயல்கள். கால் எலும்பை வெட்டி, அது எப்படிக் கூடுகிறது என்று பார்க்க வேண்டும். பள்ளி விடக் காத்திருந்த நேரத்தில் வேனில் உட்கார்ந்து அக்கா அதைப் படித்தார். வெட்டும்போது மயக்க மருந்து உண்டு. அதற்குப் பிறகு வலி மருந்து என்ற இடத்தில் 'தேவையில்லை' என்று ஒரே சொல். அக்கா அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்தார்.

கூட்டத்தில் கையெழுத்துத் தாள் சுற்றிச் சுற்றி அவரிடம் வந்தது. பேனாவைத் திறந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சார்... மயக்கம் தெளிஞ்ச பிறகு அதுங்களுக்கு வலிக்காதா?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க என்ன படிச்சிருக்கீங்கம்மா?"

"பத்தாவது சார். அதுலயும் கணக்குல ஃபெயில்."

யாரோ சிரித்தார்கள். அக்காவுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் கை பேனாவை மூடிவிட்டது.

"எனக்குக் கால் உடைஞ்சப்ப நாலு நாள் ஊசி போட்டாங்க சார். போட்டும் கத்தினேன். அதுங்களுக்கு ஏன் வேணாம்னு மட்டும் சொல்லிடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

"வலி மருந்து குடுத்தா எலும்பு கூடறது மாறிடும்" என்றார் பேராசிரியர்.

குழுவிலிருந்த கால்நடை மருத்துவர் நிமிர்ந்தார். "எல்லா மருந்தும் அப்படி இல்ல சார். அறுபது முயல் எதுக்குன்னும் இதுல எழுதலையே."

விண்ணப்பம் திரும்பிப் போனது.

அன்றிலிருந்து அக்காவுக்குக் கைபேசி அடித்தால் தம்பியை நிறுத்திவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். விஷயம் தெரிந்த தம்பியோ முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஊர்ல இருக்கிற முயலுக்கெல்லாம் நீதான் வக்கீலா?" என்று ஒரே ஒரு தடவை கத்தினான். ஒருநாள் பேராசிரியரின் கார் வேனுக்குப் பின்னால் ஹாரன் அடித்தபோது, அக்கா பதறிப்போய் வேனை ஓரங்கட்டினார். பேராசிரியர் வழி கேட்டுத்தான் அடித்திருக்கிறார். தன் பாட்டுக்குக் கடந்து போய்விட்டார்.

ஐந்து வாரம் கழித்துத் திருத்திய விண்ணப்பம் வந்தது. முயல்கள் முப்பத்திரண்டு. வேளை தவறாமல் நாலு நாள் வலி மருந்து. அக்கா இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேராசிரியர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

தம்பியின் வேலை போகவில்லை. தூரத்து விடுதிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். இதுதான் காரணமா என்று யாருக்கும் தெரியாது, கேட்கும் தைரியமும் அக்காவுக்கு இல்லை. அடுத்த கூட்டத்துக்கான உறை வந்து இரண்டு நாளாகிறது. பிரித்துப் படித்துவிட்டார். பதினோராம் பக்கத்தில் கேட்க ஒன்று இருக்கிறது. வேன் ஓட்டும்போதெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார்.