கேள்வி கேட்டவரின் குரல்

என் கையெழுத்து அந்தத் தாளில் நன்றாகவே விழுந்திருந்தது. வாத்து மேய்க்கிறவன் கைநாட்டுதான் வைப்பான் என்று நினைத்து ஸ்டாம்பு பேடைத் திறந்து நீட்டினார் வந்தவர். நான் பேனாவைக் கேட்டு வாங்கி, தலைப்பெழுத்தோடு முழுப்பெயரையும் எழுதினேன். கீழ்வேளூருக்குத் தெற்கே, சம்பா அறுவடை முடிந்த வயலோரம், பைக் சீட்டின் மேல் தாளை வைத்து எழுதியது. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அது ஒரு பெருமை. தாளில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ். எனக்கு அதில் தெரிந்தது நான் எழுதிய என் பெயர் மட்டும்.

நான் டீச்சர் என்று கூப்பிட்டவர் தஞ்சாவூரில் குடியிருந்தார். வேறொரு மாவட்டத்துப் பல்கலைக்கழகத்தில், மொழியியல் துறையில் கௌரவ விரிவுரையாளர். பெயரில் கௌரவத்தை வைத்துவிட்டு, ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்பி ஜூலையில் திரும்பக் கூப்பிடுகிற வேலை அது. பதினோரு வருஷம் அப்படிப் போய் வந்தார். அந்த வருஷங்களில் நான் துபாயில் கம்பி கட்டினேன், திருப்பூர் சாயப்பட்டறையில் நின்றேன், கையில் தோல் உரிந்ததும் அதை விட்டுவிட்டு வாத்துக்காரர் ஒருவரிடம் ஆளாகச் சேர்ந்தேன். எங்கே அறுவடை முடிகிறதோ அங்கே போவோம். ஆயிரம் வாத்து, மூன்று ஆள், ஒரு வலை, ஒரு தார்ப்பாய்.

டீச்சர் படித்தது எங்களைப் போல ஊர் ஊராகப் போகிறவர்களின் பேச்சை. ஊரோடு இருக்கிறவர்களின் பேச்சைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்களாம். இடம் மாறிக்கொண்டே இருக்கிறவன் யாரிடம் எப்படிப் பேசுகிறான் என்று யாரும் உட்கார்ந்து கேட்கவில்லையாம். என் சட்டைக் காலரில் சின்ன மைக் ஒன்றைச் செருகிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கச் சேற்றில் கூடவே நடப்பார். ஒருநாள் மத்தியானம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணே, மிராசுதார்கிட்ட வயல் கேக்கும்போது உங்களுக்கு ஒரு பேச்சு. டீக்கடை பாய்கிட்ட ஒரு பேச்சு. வாத்துகிட்ட மட்டுந்தான் நீங்க நீங்களா பேசுறீங்க."

"வாத்துக்கு எதுக்கு டீச்சர் பயப்படணும்?" என்றேன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

வாத்து மேய்க்கிற இன்னும் ஒன்பது பேரை நான்தான் அவருக்குச் சேர்த்துவிட்டேன். மூன்று வருஷம் எங்கள் பேச்சைப் பதிந்தார். பதிவுக் கருவி துறைக்குச் சொந்தம் என்பதால், பதிந்ததையெல்லாம் துறைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்க வேண்டுமாம். ஏற்றி வைத்தார்.

நிரந்தர வேலைக்கான அறிவிப்பு வந்த அன்று வரப்பில் நின்று போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மொழியியலுக்கு ஒரே ஒரு எடம் அண்ணே. நான் சேந்ததுலேருந்து இதான் மொதல் தடவை. இது கெடைச்சா ஏப்ரல்ல யாரும் என்னை வீட்டுக்குப் போன்னு சொல்ல முடியாது." இந்த ஆய்வைக் காட்டித்தான் அந்த இடத்தைக் கேட்கப் போவதாகவும் சொன்னார்.

சில வாரம் கழித்துத்தான் அந்தத் தாளோடு ஒருவர் வந்தார். துறைத் தலைவரின் மாணவர். அதே இடத்துக்கு அவரும் விண்ணப்பித்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

"மேடம்தான் அனுப்பிச்சாங்கண்ணே. பேசுனவங்க எல்லாருக்கும் சம்மதம்னு கையெழுத்து வேணுமாம். இன்டர்வியூல காட்டணும்."

"டீச்சர் வரலீங்களா?"

"அவங்க படிச்சுக்கிட்டு இருக்காங்க. நேரம் எங்கண்ணே?"

அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து, மற்ற ஒன்பது பேரும் மேய்க்கும் இடமெல்லாம் நானே வழி காட்டிப் போனேன். ஒருவன் மட்டும், "என்ன எழுதியிருக்குன்னு சொல்லு, போடுறேன்" என்றான். "டீச்சருக்கு வேலை கெடைக்கிற விஷயம்டா. பெரிய வக்கீலு இவரு! போடுடா" என்று அதட்டினேன். வந்தவருக்கு அதட்டுகிற வேலைகூட மிச்சம்.

இன்டர்வியூ முடிந்த மறுநாள் டீச்சர் வயலுக்கு வந்தார்.

"அண்ணே, ஏதாவது தாள்ல கையெழுத்துப் போட்டீங்களா?"

"நான் மட்டுமா? ஒன்பது பேர்கிட்டயும் வாங்கிக் குடுத்துட்டேன் டீச்சர்." நல்ல வார்த்தை சொல்வார் என்று நின்றேன்.

அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். எங்களைப் பேச வைத்துப் பதிந்தது அந்த மாணவர்தான், டீச்சர் அவருக்கு உதவிக்கு வந்தவர் என்று தாளில் எழுதியிருந்ததாம். பத்துத் தாளையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, அடுத்தவர் ஆய்வை உங்களுடையது என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்களாம். வேலை அந்த மாணவருக்கே என்று அன்றைக்கே முடிவாகிவிட்டதாம். என்னைத் திட்டியிருக்கலாம். "வாய்ச் சம்மதம் போதும்னு இருந்துட்டேன். நான் முன்னாடியே எழுதி வாங்கியிருக்கணும்ணே" என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டார். அதற்கு நாலு அறை விட்டிருந்தால் எனக்குத் தேவலை.

அடுத்த நாள் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். துறைத் தலைவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"எட்டு சார்."

"அப்ப கையெழுத்துன்னா என்னன்னு தெரியும்ல?"

"பொய் சொல்லி வாங்கிட்டாரு சார். அந்தப் பதிவைப் போட்டுக் கேளுங்க. கேள்வி கேக்குறது டீச்சர் குரல்."

"எங்களுக்கு வேண்டியது உங்க பேச்சு. கேள்வி கேட்டவங்க குரலையெல்லாம் வெட்டி எடுத்தாச்சு."

"அப்ப நான் சொல்றேனே சார், அது போதாதா?"

"நீங்க வாயால சொல்றதை வச்சு நான் என்ன செய்ய முடியும்?"

நான் வாயால் சொன்னதை வைத்துத்தான் அந்தக் கட்டடத்தில் ஒருவனுக்கு உத்தியோகம் ஆகியிருந்தது. வாத்தை நான் விரட்டுகிற சத்தம்கூட அவர்களுக்கு ஆதாரம். ஒருத்தி சேற்றில் நடந்து வந்து கேட்டாள் என்று அதே வாய் சொன்னால் அது ஆதாரம் இல்லை. கையில் வாத்து ஓட்டுகிற கம்பு இல்லாமல் போனது நல்லது என்று பஸ்ஸில் திரும்பும்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

அந்த ஜூலையில் டீச்சரைத் திரும்பக் கூப்பிடவில்லை. தஞ்சாவூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறார். எந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியலுக்கு இடம் வந்தாலும் விண்ணப்பம் போடுகிறார். இதை எழுதப்போகிறேன் என்று சொன்னதும், "என் பேரை எழுதாதீங்கண்ணே. எந்த ஊரு இன்டர்வியூன்னாலும் இவங்க ஆளுங்கதான் உக்காந்திருப்பாங்க" என்றார். அதனால் எழுதவில்லை. பேசக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

போன தை மாதம் ஆராய்ச்சி மாணவர்கள் இரண்டு பேர் வயலுக்கு வந்தார்கள். அனுப்பியவர் அன்று தாளோடு வந்த அதே ஆள். இப்போது உதவிப் பேராசிரியர். "உங்க தொழிலைப் பத்தி எதையாவது பேசுங்கய்யா" என்று மைக்கை நீட்டினார்கள். பேசினேன். எந்த வயலைச் சொன்னாலும் அந்த வயலில் டீச்சர் எங்கே நின்றார் என்று பெயரோடு சொன்னேன். வாத்துக்கு வருகிற நோயைச் சொன்னபோதும், அதை முதலில் எழுதிக்கொண்டவர் யார் என்று பெயரோடு சொன்னேன். வாக்கியத்துக்கு ஒரு தடவை, சில வாக்கியத்தில் இரண்டு தடவை. வெட்டினால் என் பேச்சும் சேர்ந்து போகட்டும்.

கொஞ்ச நேரத்தில் ஒரு மாணவர் கருவியை நிறுத்தினார். "ஐயா, அந்தப் பேரு இல்லாம கொஞ்சம் சொல்றீங்களா?"

"அது இல்லாம எனக்குப் பேச வராது. போடுங்க மெஷின" என்றேன்.