கிளிஃப் ராம்ஸ்டன் திரும்பிய பக்கம்

வட இங்கிலாந்தில் எங்கள் ஊர் போல்ட்டனில் கிளிஃப் ராம்ஸ்டன் வாளிக்குள் கால்விட்டு விழாத கிறிஸ்துமஸ் எனக்குத் தெரிந்து கிடையாது. வருஷா வருஷம் அந்த விடுமுறைக்குப் போடும் சிரிப்பு நாடகத்தில் அவர்தான் கோமாளி. அவர் முதுகுக்குப் பின்னால் பேய் வந்து நிற்கும். "பின்னாலே! பின்னாலே!" என்று அரங்கமே அலறும். அவர் தவறான பக்கம் திரும்புவார். பேய் நழுவிவிடும். பாட்டன், பேரன் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

ஐம்பது வயதைத் தாண்டி, விழுந்து விழுந்து இரண்டு முட்டியும் போன பிறகு, லண்டனில் ஒரு நாடகத்தில், சுரங்க விபத்தில் மகனை இழக்கும் தகப்பனாக நடித்தார். லண்டன் பத்திரிகைகள் அசந்துபோயின. அவருக்கு அது போதவில்லை.

"லண்டன்காரன் என்னை முன்னபின்ன பாத்ததில்ல. அவன் அழறது பெருசா? நம்ம ஊரு ஒரு நிமிஷம் சிரிக்காம என்னைப் பாக்கணும்" என்றார் என்னிடம், மதுக்கடையில்.

கடைக்காரி டோரிஸ் விடவில்லை. "சத்தமே வேணாம்னா போல்ட்டனுக்கு ஏன் கண்ணு வர்றே? கல்லறைக்குப் போயி நடி!"

நாடகம் இங்கே வந்தது 1974 மார்ச்சில். முதல் நாளே அரங்கு நிறைந்தது. தொடக்கத்தில் அங்கங்கே சிரிப்பு. கிளிஃப் அசைந்துகொடுக்கவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது. இரண்டாம் அங்கத்தில், வீடு திரும்பாத மகனின் சாப்பாட்டை இன்னொரு தட்டால் மூடிவைத்துவிட்டு உட்கார்ந்தார். ஒருவரும் இருமக்கூட இல்லை. அவர் கேட்டது கிடைத்துவிட்டது.

மேடையில் அவர் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. சுரங்க மேலாளர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"பின்னாலே, கிளிஃப்!" மாடியிலிருந்து ஒரு பெண்குரல். கேலி இல்லை, வருஷக்கணக்கான பாசம். பக்கத்தில் இருந்தவர்கள் அவளை அடக்கினார்கள். அத்தோடு போயிருக்கும்.

கிளிஃபின் தலை திரும்பியது. தவறான பக்கம்.

அரங்கம் சிரிப்பில் வெடித்தது. மேலாளராக நடித்தவர் மகனின் சாவைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். யார் காதிலும் விழவில்லை.

ஒப்பனை அறையில் மனைவி மேவிஸ், "எவளோ கூறுகெட்டவ கத்துனா நீ என்ன பண்ணுவே?" என்றாள்.

"கத்துனது அவ. திரும்புனது யாரு?"

மேவிஸ் துணியை எடுத்து அவர் முகத்து ஒப்பனையைத் துடைக்கத் தொடங்கினாள்.

"நான் நினைக்கவே இல்ல மேவிஸ். கழுத்து தானா போச்சு."

வாசலில் ஒரு பெரியவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒரே அழுகையா இருந்துச்சு ஐயா. நல்லவேளை, நீங்க சிரிக்க வச்சீங்க!" கிளிஃப் நன்றி சொன்னார்.

மறுநாள் வேறொருவர் தகப்பனாக நடித்தார். அதன்பின் கிளிஃப் எந்த மேடையும் ஏறவில்லை. மேவிஸின் அண்ணனுடைய கம்பளக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கம்பளத்தை விரிக்க அவர் குனிந்தாலே, வாங்க வந்தவர்கள் சிரிக்கத் தயாராக நின்றார்கள்.