பீச்சாங்கைப் படம்

ஒரு துண்டு மெழுகுவத்தி, ஒரு எவர்சில்வர் கரண்டி, ஒரு வெள்ளைத் தாள். நான் படம் போடப் பழகியது இவற்றை வைத்துத்தான். தாளில் மெழுகை நன்றாகத் தேய்த்து, அதைப் பேப்பரில் வந்த கார்ட்டூன் மேல் கவிழ்த்து, கரண்டியின் முதுகால் அழுத்தி இழுக்க வேண்டும். மெதுவாக உரித்தால் அச்சு மை அப்படியே தாளுக்கு வந்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு நாள் மெழுகு சிந்திய காகிதம் பேப்பரில் ஒட்டிக்கொண்டது, நானாகக் கண்டுகொண்டேன்.

என் வீட்டுக்காரர் ஆரப்பாளையத்திலிருந்து சமயநல்லூர் வழியாகப் போகிற பஸ்ஸில் கண்டக்டர். யாராவது சீட்டில் விட்டுப்போன பேப்பரைச் சாயங்காலம் மடித்துக் கொண்டுவருவார். அவர் படித்து முடித்ததும் எனக்கு. எனக்கு அப்போது ஓர் எழுத்துகூடத் தெரியாது. கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டத்தில் ஒரு கார்ட்டூன் வரும்; அதை மட்டும் பார்ப்பேன். எந்நேரமும் அவசரப்படும் ஒரு குட்டை மனிதர், மூன்றாவது கட்டத்தில் எதையாவது மேலே கொட்டிக்கொள்வார். பிள்ளை இல்லாத வீடு. வீட்டுக்காரர் டியூட்டிக்குப் போய்விட்டால் பகல் முழுக்கப் பேச ஆள் கிடையாது. மெழுகில் ஒத்தியெடுத்த அந்த மனிதரை எதிரே வைத்து, பென்சிலால் பத்துத் தடவை, இருபது தடவை வரைவேன். மூக்கு எங்கே தொடங்குகிறது, சாப்பிடும்போது கை எப்படி மடங்குகிறது, ஓடும்போது வேட்டி எப்படி விரிகிறது என்று கைக்குப் பிடிபட மூன்று மழைக்காலம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வரைந்ததையெல்லாம் வீட்டுக்காரர் முன்னால் வைப்பேன். நன்றாயிருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிடித்ததற்கு மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு வரும். அந்தச் சத்தத்துக்காக வாரம் முழுக்க உட்கார்ந்து வரைந்திருக்கிறேன். என் படத்தைப் பார்க்க உலகத்தில் வேறு யார் இருந்தார்கள்?

பிறகு, எதையும் பார்த்து வரையாமல், முதல்முறையாகச் சொந்தமாக ஒன்று போட்டேன். அவரைத்தான் போட்டேன். காக்கிச் சட்டையோடு இலை முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறார். கார்ட்டூனில் தலைக்கு மேலே எழுத்து இருக்குமே, அதுவும் இருக்கட்டும் என்று மெழுகுத் தாளில் இருந்த நாலைந்து எழுத்தைப் பார்த்து அப்படியே வரைந்துவைத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"நான் பீச்சாங்கையில சாப்புடுறவனா? எங்க ஆத்தா என்னய அப்படியா வளத்துச்சு?"

பார்த்தால், ஆமாம், இடது கைதான். எப்படி அப்படி வந்தது என்று எனக்கே விளங்கவில்லை. தப்பாகப் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மூன்று வருசம் பழகிய கைக்கு வரையத் தெரியவில்லை என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. பேப்பர் மட்டும் தினமும் வந்தது. படம் இருக்கும் பக்கம் மேலே தெரிகிற மாதிரி மடித்து ஜன்னலில் வைத்திருப்பார். நான் வரைந்து வரைந்து கட்டிவைத்தேன்.

அவர் ரிட்டயர் ஆகிற சமயத்தில் எங்கள் தெருவில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் போய் எழுத்துக் கூட்டப் பழகினேன். அந்த ஆசையில் பழைய மெழுகுத் தாள்களை எடுத்துப் படிக்கப் பார்த்தால் ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. ஏதோ தோன்றிக் கண்ணாடி முன் பிடித்தேன். அத்தனையும் படிக்க முடிந்தது. கவிழ்த்து ஒத்தினால் எல்லாமே வலம் இடமாக மாறித்தானே விழும்! அந்தக் குட்டை மனிதர் பேப்பரில் வலது கையால்தான் சாப்பிட்டிருக்கிறார். அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருசம் கழித்து நான் போய் நிற்பதா என்று இருந்துவிட்டேன்.

போன வருசம் அவர் படுக்கையில் விழுந்தார். ஒரு காலையில் கஞ்சி ஊட்டும்போது, என்னமோ, தானாக வாயில் வந்துவிட்டது. "ஏங்க, அந்தப் படம் மெழுகுல ஒத்திப் பழகுனது. அதுல எல்லாம் மாறி விழும். ஒங்களக் கேலி பண்ணணும்னு போடல."

"தெரியும்," என்றார். "மேல எழுதியிருந்ததெல்லாம் திரும்பிக் கெடந்துச்சே. மறுநா வண்டியில போகயிலயே வெளங்கிருச்சு."

"பெறகு ஏன் கேக்கவே இல்ல?"

"நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். நீ எங்க சொன்ன?"

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அவர் மேலா என் மேலா என்று இன்றைக்கும் தெரியவில்லை. கஞ்சியைக் கீழே வைத்தேன். "எடுத்துட்டு வா, பாப்போம்" என்றார். பரணில் இருந்த படக் கட்டை இறக்கினேன். தினம் காலையில் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு தாளையும் தாண்டாமல் பார்த்தார். மூக்குச் சிரிப்பு நாலு தடவை வந்தது. பாதிக் கட்டு பார்ப்பதற்குள் போய்விட்டார்.

அவர் கடைசியாகப் பார்த்த தாளுக்கு அடையாளமாக ஒரு பஸ் டிக்கெட்டைச் சொருகி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே இருப்பதை நானும் இன்னும் புரட்டவில்லை. இப்போதும் தினம் ஒரு படம் போடுகிறேன். போட்டதும் கட்டின் அடியில் வைத்துவிடுகிறேன்.