அக்காவும் அவர் பெயரிட்ட நண்டும்

எங்கள் அக்கா கந்தர்வக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில் வீட்டுக்கு மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, தம்பிகள் எங்கள் இருவரையும் படிக்க வைத்துவிட்டுத்தான் இலுப்பூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். கல்லூரியில் விலங்கியல் கற்பித்தார். தம்மைப் புகழ்ந்தால் எழுந்து போய்விடுவார். ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற பின், எங்கள் ஊர்க் கண்மாயில் அதுவரை யாரும் விவரித்திராத ஒரு நன்னீர் நண்டு இருப்பதைக் கண்டார். புது இனம் என்று எழுத, முழுதாக வளர்ந்த ஆண் நண்டு வேண்டும். அதன் இனப்பெருக்க உறுப்பை வைத்துத்தான் இனம் பிரிப்பார்கள். ஒரே ஒரு ஆண்தான் கிடைத்தது. அதைச் சில பெண் நண்டுகளோடு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் உறைய வைத்திருந்தார்.

அப்போதுதான் அக்காவுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கியிருந்தது. சளியும் பிடித்துக்கொண்டது. அக்காவின் கணவரான அத்தான், அந்த டப்பாவைத் திறந்து பக்குவமாக நண்டு ரசம் வைத்துவிட்டார். இரண்டாவது டம்ளரும் குடித்த பிறகுதான் அக்கா, "நண்டு ஏதுங்க?" என்று கேட்டார். அத்தான் காலி டப்பாவைக் காட்டியதும் அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரசம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆம்பள நண்டு இன்னொண்ணு வேணுமுங்க. அது இல்லாம எழுத முடியாது."

கோடை. நண்டுகள் வளைக்குள் போய்விட்டன. அத்தானும் நானும் வரப்பு வரப்பாகத் தோண்டினோம். பிடித்ததை மல்லாத்தி வயிற்று மடிப்பைப் பார்ப்போம். அகலமாக இருந்தால் பெண். வந்ததெல்லாம் பெண்தான். அக்காவோ நாளுக்கு நாள் மெலிந்துகொண்டிருந்தார்.

மழை இறங்கியதும் ஆண் கிடைத்தது. மைக்ரோஸ்கோப் முன் உட்கார அக்காவுக்குத் தெம்பில்லை. உடன் பணியாற்றிய ஆசிரியை எடுத்துக் கொடுத்த படங்களைப் படுத்தபடியே பார்த்து, கட்டுரையைச் சொல்லி எழுத வைத்தார். நண்டுக்கு அவர் பெயரையே வைக்கலாமே என்றேன். "தன் பேரத் தானே வைக்கப்படாதுடா" என்று ஊர்ப் பெயரை வைத்தார்.

கட்டுரை ஏற்கப்பட்ட செய்தி வருமுன்பே அக்கா போய்விட்டார். அவர் அதைக் கேட்காமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வரப்பைத் தோண்ட விட்டுவிட்டு எங்களுக்கு மோரும் கொடுத்த வயல்காரர்களுக்கும், மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அச்சான கட்டுரையை வீடு தேடிக் கொண்டுவந்த அந்த ஆசிரியைக்கும் எங்கள் நன்றி.

அன்று அத்தான் அவரிடம் ஒன்றுதான் கேட்டார்: "அவ பேரு எங்கிட்டும்மா இருக்கு?"

ஆசிரியை நண்டின் பெயரை அடுத்திருந்த அக்காவின் பெயரைக் காட்டினார். முதலில் விவரித்தவர் பெயரை இனப் பெயருக்குப் பக்கத்தில் எழுதுவது இந்தத் துறையின் வழக்கம் என்றார்.

அத்தான் அதன்மேல் விரலை வைத்தார்.

"இனி யாரும் எடுத்துற முடியாதுல்ல?"

"முடியாதுங்கய்யா."