மாமா போன் மாற்றினால்தான் எனக்குப் போன்

செல்போன் கடையில் நிற்பவர்களிடம் ஊரே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "போன வருஷம் வாங்கினது நல்லாத்தான் இருக்கு, இருந்தாலும் மாத்திடலாமா?" மாற்றுங்கள் என்றால் வியாபாரத்துக்குச் சொல்கிறோம் என்பார்கள். வேண்டாம் என்றால் கடைக்காரர் நம்மை மாற்றிவிடுவார். கவுண்டருக்குப் பின்னால் இரண்டுக்கும் நடுவில் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலி வந்த சக பாவிகளே, இது உங்களுக்காக.

பிளஸ் டூ முடிந்து காலேஜ் திறக்கும் வரை பூதலூர் ஸ்டேஷன் ரோட்டில் என் சேகர் மாமாவின் 'தேன்மொழி மொபைல்ஸ்' கடையில் நின்றேன். தேன்மொழி, அத்தையின் பெயர். டெம்பர் கிளாஸ் ஒட்டுவது, டப்பா அடுக்குவது, ஆள் இல்லாத நேரத்தில் வந்துபோனவர்களை அவரவர் குரலில் பேசிக் காட்டுவது, இவை என் வேலைகள். கடைசி வேலையை யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டது.

எங்கள் வீட்டு முறைப்பாசனம்

எங்கள் குடும்பத்தில் கடையிலிருந்து புதுப் போன் எடுக்கும் உரிமை மாமாவுக்கு மட்டும்தான். வருஷா வருஷம் ஆனி மாதம் புது மாடல் வந்ததும் அவர் ஒன்று எடுப்பார். அவர் கையிலிருந்தது அத்தைக்குப் போகும். அத்தையுடையது என் அம்மாவுக்கு. அம்மாவுடையது எனக்கு. தலைமடை பாய்ந்து, நடுமடை பாய்ந்து, மிச்சம் இருந்தால் கடைமடை. அந்தக் கடைமடை நான்.

என் போனைப் பற்றிச் சொல்கிறேன், அழாமல் கேளுங்கள். சார்ஜ் ஏற வேண்டுமானால் ஒயரை வளைத்து ரப்பர் பேண்ட் போட வேண்டும். காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில்தான் கேட்கும். தோழி எனக்குச் சொன்ன ரகசியங்கள் எல்லாம் ஸ்டேஷன் ரோடு முழுக்கத் தெரியும். இந்தப் போனோடு தஞ்சாவூர் காலேஜில் போய் உட்கார்ந்தால் முதல் நாளே எனக்குப் பட்டப்பெயர் ரெடி. மற்றவர்களுக்குப் பட்டப்பெயர் வைக்கிற ஆள் நான். எனக்கு இது மானப் பிரச்சினை.

இந்த வருஷம் பார்த்தா மாமாவுக்கு ஞானம் பிறக்க வேண்டும்? வாடிக்கையாளரிடம், "கேமராவைப் பாருங்கண்ணே, வாய்க்கால்ல ஓடுற கெண்டையோட செதிலு தெரியும்" என்பார் (பாதி மூக்கால், பாதி வாயால் படிக்கவும், அப்போதுதான் மாமா). அந்த ஆள் படியிறங்கியதும் தன் பழைய போனைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "இதுல என்ன கொறைச்சல்? இந்த வருஷம் வேணாம்" என்பார். காலேஜ் திறக்கப் போகுதே என்று அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா முறத்தைவிட்டுத் தலை தூக்கவே இல்லை.

"மேட்டூர்ல தொறந்தா அன்னிக்கே கடைமடைக்குத் தண்ணி வந்துடுதா? பொறுடி."

வெள்ளிக்கிழமைக்காரர்

நடவு சமயத்தில் எங்கள் கடையில் கூட்டம் இருக்காது. அறுப்பு முடிந்து கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பிறகுதான் ஊருக்குப் போன் ஞாபகமே வரும். அப்படிப்பட்ட மந்தமான வெள்ளிக்கிழமை காலையில் தாலுகா ஆபீஸில் இருந்து ரிட்டயரான கோவிந்தராஜன் வந்தார். மாமா கெண்டை மீன் வரைக்கும் போவதற்கு முன்பே வாங்கிவிட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். புது மாடல் ஒன்று விற்றால் மாமாவுக்கும் கை அரிக்கும் என்று கணக்குப் போட்டேன்.

சிம்மைப் போடப் போனபோது கோவிந்தராஜன் கையைப் பிடித்துக்கொண்டார். "ராகு காலம்மா. பன்னண்டுக்கு மேலதான் உயிர் குடுக்கணும்." சரி, வீட்டுக்குப் போய்விட்டு வருவார் என்று பார்த்தால், ஸ்டூலை இழுத்து வாசலிலேயே போட்டு உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு வந்தவர்களை எல்லாம் நாங்கள் பார்க்கவே இல்லை, அவர்தான் பார்த்தார். பட்டா மாறுதலுக்கு வந்தவர்களை விசாரித்த அதே தோரணை: "என்ன விஷயமா வந்தே? இப்ப இருக்கிற போன்ல கூப்பிட்டா போவுதா? வர்றது வருதா? அப்ப எதுக்கு மாத்துறே? போயிட்டு வா." ஒவ்வொருத்தராக, மனு தள்ளுபடியான முகத்தோடு திரும்பிப் போனார்கள். மாமா அவரை ஸ்டூலைவிட்டு எழுப்ப டீ வாங்கிக் கொடுத்தார். டீயைக் குடித்துவிட்டு இன்னும் தெம்பாகத் தள்ளுபடி செய்தார்.

ஒருவழியாகப் பன்னிரண்டு அடித்தது. கிழக்கே பார்த்து நின்று போனை ஆன் செய்தார். சாமி கும்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசினார். பேசி முடித்து, போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் தலையில் கல்லைப் போட்டார்.

"ஏம்ப்பா சேகரு, இதுலயும் அதே ஹலோதானே கேக்குது?"

அய்யாவு பெரியப்பாவின் மோட்டார்

அடுத்து வந்தது கோபம். வந்த கோபத்தின் பெயர் அய்யாவு. சொந்தம் இல்லை, ஊர் முறையில் எனக்குப் பெரியப்பா. அதற்கு முந்தின வாரம்தான் மாமாவிடம் புதுப் போன் வாங்கியிருந்தார். "ஒன் பேச்சைக் கேட்டுப் போனை மாத்துனேன், மோட்டார் கோவிச்சுக்கிச்சு. கூப்பிட்டா எடுக்க மாட்டேங்குது. நாத்தங்கால் காயுது, வா என்கூட!"

விஷயம் இதுதான். அவர் கொல்லையில் பம்புசெட் பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கிறது. வீட்டிலிருந்து கூப்பிட்டால் மோட்டார் ஓடும். ஆனால் பதிவு செய்த நம்பருக்குத்தான் ஓடும். புதுப் போனுக்கு மங்களகரமாகப் புது நம்பரும் இருக்கட்டும் என்று வாங்கிப் போட்டுக்கொண்டு, பழைய போனைச் சிம்மோடு திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்கு அனுப்பிவிட்டார் பெரியப்பா.

மாமாவின் மொபட்டில் பின்னால் தொற்றிக்கொண்டு நானும் போனேன். மாமா பெட்டியைத் திறந்து என்னென்னவோ அமுக்கினார். அசையவில்லை. கடைசியில் திருப்பூருக்குப் போன் போட்டோம். பையன் பனியன் கம்பெனியில் நின்றுகொண்டே அங்கிருந்து கூப்பிட, பூதலூரில் மோட்டார் குபுகுபுவென்று தண்ணீரைத் தள்ளியது. திடுக்கிட்டு மாமா துள்ளினார். சட்டைப் பையிலிருந்த அவர் போனும் துள்ளி வாய்க்காலுக்குள் போனது.

அந்த நொடியில் எனக்குக் காலேஜ் கேட் தெரிந்தது. புதுப் பை தெரிந்தது. காதில் போன் வைத்து ரகசியமாகப் பேசிக்கொண்டே நடந்து போகும் நான் தெரிந்தேன். மாமா இனிப் புதுசு எடுத்தே ஆக வேண்டும், நனைந்ததைப் பிறகு சரிசெய்து அத்தைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கும்போதே பெரியப்பா சேற்றில் கையை விட்டுத் துழாவி எடுத்துவிட்டார். வேட்டியில் துடைத்தார். போன் திரை ஜம்மென்று எரிந்தது. போதாததற்கு அதே சமயம் மணியும் அடித்தது.

"தண்ணிக்குள்ள கெடந்துட்டு வந்தும் கூப்பிடுது பாரு தம்பி, இதை ஆயுசுக்கும் மாத்திடாத!"

திருச்சியிலிருந்து பேசுகிறேன்

இதற்கு மேல் சும்மா இருந்தால் நான் யாழினியே இல்லை. போன் கம்பெனியின் ஏரியா மேனேஜர் பிரசன்னா மாதம் ஒருமுறை திருச்சியிலிருந்து வருவார். வாயைத் திறந்தால் முதலில் ஒரு செருமல், பிறகு 'பேசிக்கலி', அதற்குப் பிறகுதான் விஷயம். அவர் குரல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோர் ஆயிஷாவின் போனை வாங்கிக்கொண்டு, இரண்டு கடைக்கும் பின்னாலிருக்கும் சந்தில் நின்றேன். ஆயிஷா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"க்ஹும். பேசிக்கலி சேகர் சார், பிரசன்னா பேசறேன், இது புது நம்பர். டீலரே போன வருஷ மாடல் வச்சிருந்தா கஸ்டமருக்கு எப்படி சார் கான்ஃபிடன்ஸ் வரும்? பேசிக்கலி, ஹெட் ஆபீஸ்ல கேக்கறாங்க."

மாமா உருகிவிட்டார். "சார், நாளைக்கே எடுத்துடறேன் சார்." வென்றேன் என்று ஆயிஷாவின் கையைக் கிள்ளினேன். அந்த நேரம் பார்த்து மயிலாடுதுறை பாசஞ்சர் ஊரே அதிர ஹார்ன் அடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குள் வந்தது. மாமாவின் ஒரு காதில் நேராக, இன்னொரு காதில் போன் வழியாக. ஹார்ன் ஓய்ந்தது. பிறகு ரொம்பப் பணிவாக ஒரு குரல்.

"சார், திருச்சியிலயும் இந்த பாசஞ்சர் இப்பதான் வருதா சார்?"

நிஜமாகவே திருச்சியிலிருந்து

காலேஜ் திறக்க நான்கே நாள் இருந்தது. நான் நல்ல பிள்ளையாக உள்ளே ஸ்டாக் ரூமில் டப்பா அடுக்கிக்கொண்டிருந்தேன். மாமாவுக்குப் புது நம்பரிலிருந்து ஒரு போன் வந்தது. நம்பினால் நம்புங்கள், இந்த முறை நான் இல்லை.

"க்ஹும். பேசிக்கலி சேகர் சார்..." என்றது போன்.

"அடி குரங்கே!" என்றார் மாமா. "ஒரு தடவை மாட்டியும் புத்தி வரலையா? ஒன் பேசிக்கலியைக் கொண்டுபோய் கொல்லையில போடு. பல்லைத் தட்டிக் கையில குடுத்துடுவேன், வைடி போனை!" பெருமையோடு திரும்பினார். ஸ்டாக் ரூம் வாசலில் இரண்டு கையிலும் டப்பாவோடு நான் நின்றேன். மாமாவின் முகத்தில் அப்போது ஓடியதை என்னாலும் நடித்துக் காட்ட முடியவில்லை, பல தடவை முயன்றுவிட்டேன்.

நிஜப் பிரசன்னா அன்று மாலையே நேரில் வந்துவிட்டார். மாமா இளநீர் வாங்கி வந்தார், ஃபேனை அவர் பக்கம் திருப்பினார், ஒரு மன்னிப்பை நாலு விதமாகக் கேட்டார். மனுஷன் இறங்கவே இல்லை. சமாதானத்துக்கு வேறு வழி தெரியாமல், "சார், நானே ஒண்ணு எடுத்துக்கறேன் சார், இப்பவே" என்றார் மாமா. பிரசன்னாவின் முகம் மலர்ந்தது. அவரே பில் போட்டார். அந்த வேகத்தில், வாய்க்காலில் விழுந்து எழுந்த மாமாவின் பழைய போனைக் கவுண்டரிலிருந்து எடுத்துத் தன் பைக்குள் போட்டு ஜிப்பையும் இழுத்தார். எங்கள் வீட்டுத் தலைமடைத் தண்ணீர் பைக்குள் போவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேசிக்கலி சார், டீலர்ஸுக்கு இந்தத் தடவை எக்ஸ்சேஞ்ச் கம்பல்சரி."

அத்தையின் தீர்ப்பு

வீட்டில் மூன்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பழைய போன் எங்கே என்று அத்தை கேட்டார். மாமா சொன்னார். அம்மா, "போச்சுடா" என்று தலையில் கை வைத்தாள். நான் அழ ஆரம்பித்தேன், அதுவும் என் சொந்தக் குரலில்.

அத்தை மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "வருஷா வருஷம் உங்க கையில இருக்கிற போன் எனக்கு வரும். அதானேங்க வழக்கம்?" என்றார்.

"ஆமா தேனு, ஆனா அது..."

"இப்ப உங்க கையில எது இருக்கு?"

மாமா கையைப் பார்த்தார். மேலே ஒட்டிய பிளாஸ்டிக்கூட உரிக்கவில்லை. "இது புதுசு தேனு."

"புதுசுன்னு நான் கொறை சொன்னேனா? குடுங்க."

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அத்தையுடையது அம்மா கைக்கு வந்தது. அம்மா தன்னுடையதை எனக்குக் கொடுத்தாள். காதில் வைத்துப் பார்த்தேன். காதிலேயே கேட்டது! வீட்டில் இப்போது போன் இல்லாத ஆள் ஒருத்தர்தான், மிச்சம் இருந்த போனும் ஒன்றுதான். ரப்பர் பேண்டோடு இரண்டு கையாலும் மரியாதையாக மாமாவிடம் நீட்டினேன்.

மறுநாள் கடையில் நல்ல கூட்டம். காது மந்தமான ஒரு தாத்தாவிடம் மாமா புது மாடலைக் காட்டி, கெண்டை மீனைப் பற்றிக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் நின்றார். அப்போது அவர் பையில் மணி அடித்தது. எடுத்ததும் அத்தையின் குரல் ஸ்டேஷன் ரோடு வரைக்கும் கேட்டது: "என்னங்க, வரும்போது ரெண்டு கட்டு முருங்கைக்கீரை! போன தடவை மாதிரி முத்தலைத் தலையில கட்ட விடாதீங்க!" கடையே சிரித்தது. தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. முகம் பிரகாசமாகி, கையிலிருந்த புதுப் போனைக் கவுண்டரில் வைத்துவிட்டு, மாமாவின் கையைக் காட்டினார்.

"எனக்கு இதுதாம்ப்பா தெளிவா கேக்குது, இந்த மாடல்லயே ஒண்ணு குடு!"

ஆக, வருஷா வருஷம் போனை மாற்றலாமா வேண்டாமா என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளும் அன்பர்களே, அதை முடிவு செய்ய வேண்டியவர் வாங்குகிற நீங்கள் இல்லை, உங்கள் கையையே பார்த்துக்கொண்டு அடுத்த வரிசையில் உட்கார்ந்திருப்பவர்.