பலகைக்கு அடியில் சிலுவை

என் மகள் ஸ்டெல்லா தினமும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தாளே, அந்தப் பலகை வேங்கையா, மாமரமா?

பதில் பலகைக்கு அடியில் இருக்கிறது. என்னால் பார்க்கவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை... ஏன் என்று சொல்கிறேன்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையின் பின்கதவைத் திறந்தால் நேரே பள்ளம். இடுப்பளவு இறக்கம். மழைக்காலத்தில் தண்ணீர் வேறு தேங்கிவிடும். ஸ்டெல்லாவுக்கு நடை வந்ததிலிருந்து அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதும், போட்டேனா என்று திரும்பப் போய்ப் பார்ப்பதுமே என் வேலை. மேடை கட்டலாம் என்றால் சிமெண்டுக்கு பர்மிட் வேண்டும். அது கைக்கு வருவதற்குள் மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள்.

"மரத்திலேயே போட்டா என்ன? வெளிநாட்டுல வீட்டுக்குப் பின்னால டெக்னு போடறாங்களே" என்றார் என் கணவர். ஆபீஸில் யாரோ காட்டிய பத்திரிகையில் படம் பார்த்திருக்கிறார். மரக்கால்கள், மேலே பலகைத் தளம், சுற்றிலும் கைப்பிடி.

பக்கத்து வீட்டு சரோஜா அக்காவுக்கு ஒரே சிரிப்பு. "கப்பல் கட்டறீங்க, சரி. தாம்பரத்துக்குக் கடல் எப்போ வருது?"

சிரித்து முடித்துவிட்டுத்தான் என் தலையில் சந்தேகப் புழுவை விட்டார். "பாத்துடி. ஊரப்பாக்கத்துல எங்க நாத்தனார் வீட்ல வேங்கைன்னு சொல்லி மாம்பலகையை அடிச்சுட்டுப் போயிட்டான். ரெண்டு மழைதான். அவங்க மாமியார் கால் முட்டி வரைக்கும் உள்ளே போயிடுச்சு. மேலே பாத்தா ஒண்ணும் தெரியாது!"

முட்டி வரைக்கும்! பெரியவருக்கு முட்டி என்றால் என் மகளுக்கு?

மரவாடிக்கு நானே போனேன். ஒவ்வொரு வேங்கைப் பலகையையும் தட்டிப் பார்த்து எடுத்தேன். எங்கள் ஆசாரி — தணிகாசலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன் — எல்லாவற்றையும் கோவிலம்பாக்கத்தில் உள்ள தன் பட்டறைக்கு எடுத்துப் போய் இழைத்துக் கொண்டு வருவதாகச் சொன்னார். "இங்க ஒரே சேறா கீதும்மா."

பட்டறையிலா? நம் கண்ணுக்கு மறைவாகவா? வண்டி வருவதற்குள் கொண்டை ஊசியை எடுத்து, ஒவ்வொரு பலகையின் மேல்பக்கத்திலும் ஓரமாக ஒரு அடையாளம் ஆழமாகக் கீறினேன். அவசரத்தில் கைக்கு வந்தது சிலுவைதான். அந்த அடையாளத்தோடு திரும்பினால் என் பலகை. இல்லையென்றால்... மாட்டிக்கொண்டார்!

அந்த வாரத்திலேயே கால்களும் சட்டமும் நட்டாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆலயத்துக்குப் போய்த் திரும்பினால், பின்பக்கம் முழுத்தளமும் அடித்து முடிந்திருக்கிறது. ஆசாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலைக்கு வருகிற ஆசாரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரிந்த நேரத்தில்?

பலகை முழுக்க முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிக் கன்னங்கரேலென்று இருந்தது. மரத்தின் நிறமே தெரியவில்லை. "கறையான் வராதும்மா" என்றார். பக்கவாட்டிலும் தரைவரை பலகை வைத்து அடைத்திருந்தார். "பாம்பு பூராது."

என் கண்கள் சிலுவையைத் தேடின. ஒன்றுகூட இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"பாத்தேம்மா. ஒவ்வொரு பலகைக்கும் ஜெபம் பண்ணி சிலுவை போட்டுக்கீறீங்க. அதை எப்படிம்மா மிதிக்கிறது? அந்தப் பக்கம் இழைப்புளிகூட படலை. அப்படியே கீழ்ப்பக்கமா வெச்சுட்டேன். உங்க சாமி நாளாச்சேன்னுதான் இன்னிக்கு வந்து அடிச்சேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'அது ஜெபம் இல்லை, உங்களைப் பிடிக்க வைத்த பொறி' என்றா? தலையை ஆட்டி வைத்தேன்.

உண்மையிலேயே பயபக்தியா? இல்லை, அடையாளத்தைப் பார்த்ததும் பிறந்த யோசனையா? ஒரு பக்கம் இழைக்காமல் விட்டால் வேலை பாதி மிச்சம் என்பதையும் நான் யோசிக்காமல் இல்லை. சந்தேகப்படுகிறவர்களுக்கு இதுதான் கஷ்டம்... நல்லவர் செய்வதும் கெட்டவர் செய்வதும் பார்வைக்குப் பல சமயம் ஒன்றாகவே இருக்கிறது.

இதற்கிடையில் ஆசாரி போகிற வீட்டிலெல்லாம் என் பக்தியைச் சொல்லியிருக்கிறார். சபையிலிருந்து இரண்டு அம்மாக்கள் வந்து தளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். "குழந்தைக்காகப் பலகை பலகையாக ஜெபித்த தாய்" என்று போதகர் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். சிலுவையின் கதை தெரிந்த என் கணவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

போன செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லா குதித்தபோது கைப்பிடியோரப் பலகை ஒன்று 'கிரீச்' என்றது. குப்புறப் படுத்து, பலகை இடுக்கில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒரே இருட்டு.

"இன்னாடி, மீன் தெரியுதா?" மதிலுக்கு மேல் சரோஜா அக்காவின் தலை.

"புதுப் பலகை அப்படித்தான் சத்தம் போடும். நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்" என்கிறார் என் கணவர். இருக்கலாம். ஆனால் மழை வரப்போகிறது. பின்கதவுக்கு மறுபடியும் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். ஸ்டெல்லா கதவை இரண்டு கையாலும் தட்டித் தட்டி அழுகிறாள். யாருக்காகக் கட்டினோமோ அவளாலேயே வெளியே போக முடியவில்லை.

ஒரே ஒரு பலகையைப் பெயர்த்துப் பார்த்தால் போதும். வேறு ஆளைக் கூப்பிட்டால் ஒரே நாளில் கோவிலம்பாக்கம் வரை தெரிந்துவிடும். அவரையே கூப்பிட்டால் என்ன காரணம் சொல்வது? அவர் ஏமாற்றியிருந்தால் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஏமாற்றாமல் இருந்தால், என் சாமிக்கு மரியாதை செய்த மனிதரைத் திருடன் என்று சொன்னதாகிவிடும்.

அந்த மனிதர் மனம் நோகாமல் ஒரு பலகையைத் திருப்பிப் பார்க்க உங்களில் யாருக்காவது வழி தெரிந்தால், மழைக்கு முன்னால் எழுதுங்கள்.

தபால் கார்டு மட்டும் வேண்டாம், கவரில் போட்டு ஒட்டி அனுப்புங்கள். எங்கள் தெருத் தபால்காரர் ஆசாரிக்கு மச்சான்.