நைனா கட்டிய கயிறு

குடிபாலா பக்கம் பிள்ளைகளுக்குக் கிணற்றில் நீச்சல் பழக்கும்போது இடுப்பில் கயிறு கட்டுவார்கள். மறுமுனை, மேலே நிற்பவர் கையில் இருக்கும்.

காணும் பொங்கலுக்குக் குடும்பத்தோடு கடலுக்குப் போனபோது, எட்டு வயது யமுனாவை, அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா கங்கையா அப்படித்தான் கட்டினார். மறுமுனையைத் தன் இடுப்பிலேயே முடிந்துகொண்டு தண்ணீரில் இறங்கினார். “பயப்படாத, நைனா கீறேன்.”

கடலென்ன கிணறா? அலை முதலில் அவரைத்தான் புரட்டியது. கயிறு அவளையும் உள்ளே இழுத்தது. மீனவர்கள் கயிற்றை அறுத்துத்தான் இருவரையும் காப்பாற்றினார்கள்.

இப்போது ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் யமுனா, மகள் ஹர்ஷினியின் பிடிவாதத்தால் அதே கடலுக்கு வந்திருந்தாள். அலை கணுக்காலைத் தொட்டது.

“பயமா கீதும்மா,” என்று குழந்தை கையை நீட்டியது.

யமுனா தன் கைகளை முதுகுக்குப் பின்னால் இறுக்கிக்கொண்டாள்.

“கரைக்கு ஓடிடு கண்ணு. என்ன மட்டும் புட்சிக்காத.”